அழிப்பதற்கு முன் கேட்கும் கேள்வி

லேப்டாப் ரிப்பேர் கடைக்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் கண்டிப்பில் ஆள் வாத்தியார் மாதிரி. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் வாடிக்கையாளரை எதிரில் உட்காரவைத்துவிடுவார்.

"உள்ள எடுக்க வேண்டியது ஏதாவது இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் அழிச்சா ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது."

வாய்ச்சவடால் இல்லை. டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதி அழிப்பார். ஒரு வீட்டுப் படம் இன்னொரு வீட்டுக்காரன் கையில் சிக்கக்கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர் வீட்டில், மனைவியின் லேப்டாப் மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தது. அது ஆன் ஆவதற்குள் ஒரு கூடைத் துணியை மடித்துவிடலாம். சரி செய்து தருகிறேன் என்றால், "ஓடுற வரைக்கும் ஓடட்டுங்க" என்று மழுப்புவாள். சாயங்காலமானால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பாட்டு கேட்கிறாள் என்று நினைத்தார். என்ன பாட்டு என்று கேட்டதில்லை. ஒரே மகள் காய்ச்சலில் போனதிலிருந்து அந்த வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. யாராவது பிள்ளையின் பேச்சை எடுத்தால் மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, திரும்பி வந்ததும் அசந்துபோகட்டும் என்று லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போனார். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. மேலே மனைவி. கீழே மகள், பக்கத்தில் அவள் வரைந்த கோணல் பூனை. வேறு யாருடைய லேப்டாப்பாக இருந்தாலும் இரண்டாவது பெயருக்குள்ளும் போய்ப் பார்த்திருப்பார். இங்கே கை வரவில்லை. சின்னப் பிள்ளை, கேம்தான் வைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனைவியின் பைல்களை மட்டும் எடுத்துவைத்தார். பழைய டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி, கூடுதல் ரேம், புது விண்டோஸ் எல்லாம் போட்டார். பழைய டிஸ்க்கை வழக்கம்போலச் சுத்தமாக அழித்தார்.

மனைவி வந்து பட்டனை அழுத்தினாள். கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. டாக்டர் பாராட்டுக்காகப் பக்கத்திலேயே நின்றார்.

"ஏங்க, பாப்பா பேரு எங்க?"

"அது பழைய டிஸ்க்குல இருந்துச்சு. அதுல என்ன இருக்கப்போகுது?"

"பாப்பா குரல் இருந்துச்சு. பரீட்சைக்குப் பாடத்தைச் சத்தமா வாசிச்சுப் பதிவு பண்ணி வச்சுக்குவாளே. நடுவுல தப்பா வாசிச்சிட்டு அவளே சிரிப்பா. தினம் அதைத்தான் கேட்டுட்டிருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எந்திரிச்சுப் போயிடுவீங்க." ஹெட்போனைச் சுருட்டி வைத்துவிட்டு, "கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் கேப்பீங்களே" என்றாள்.

டாக்டர் கடைக்கு ஓடிப்போய்ப் பழைய டிஸ்க்கை எடுத்துவந்து, அழிந்ததை மீட்கும் சாப்ட்வேரைப் போட்டார். ஒன்றும் வராது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பாவி மனிதருக்கு அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லை. மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேடல் முடிந்தது. ஒரு பைல்கூட இல்லை.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

போட்டார்.