ஹால் டிவி, சமையலறை

இது நடந்தது. ஜோடித்துச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை, தேவையும் இல்லை. பேய் என்றதும் நள்ளிரவு, மழை, கரண்ட் போன வீடு என்று எதிர்பார்ப்பீர்கள். அது எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டரை மணி. கண் கூசும் வெயில். எதிர் மாடியில் யாரோ போர்வை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மச்சினன் இருக்கிறான், கேட்டுப் பாருங்கள். ஆனால் என் வீட்டில் வைத்துக் கேட்க முடியாது. அவன் இப்போதெல்லாம் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

என் மனைவி இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அழுதுவிடு, பாரம் குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. வேலைக்குப் போனேன். வந்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். அவள் வீடியோ ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

அன்றைக்குத்தான் ஒன்றைத் திறந்தேன்.

ஹாலில் செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். போனில் எடுப்பதெல்லாம் தானாக அதில் போய்ச் சேரும். அங்கிருந்து வீட்டில் எந்தத் திரையில் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். கல்யாணமான புதிதில் வாங்கினேன். விலை குறைவு, சக்தியும் குறைவு. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் ஒழுங்காகப் படம் காட்டும். இரண்டு பேர் இரண்டு இடத்தில் போட்டால் அதற்கு மூச்சு வாங்கும். படம் திக்கும்.

எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் அதனால்தான். நான் ஹாலில் டிவி பார்ப்பேன். அவள் சமையலறை மூலையில் மரஸ்டாண்டில் டேப்லெட்டை நிறுத்திவைத்துப் பார்ப்பாள். என் படம் திக்கும். நான் எழுந்து போய்ப் பார்க்காமலே "நிறுத்து!" என்று கத்துவேன்.

"நிறுத்தியாச்சு, நிறுத்தியாச்சு" என்று குரல் வரும். "ஊருக்கே படம் காட்டலாம்னு சொல்லித்தானே இந்தப் பெட்டிய வாங்கினீங்க? வீட்ல ரெண்டு பேருக்கே காட்ட மாட்டேங்குது."

உடனே படம் சரியாகிவிடும்.

நான் அப்போது பயந்தாங்கொள்ளி. பாத்ரூம் விளக்கை அணைக்காமல்தான் தூங்குவேன். பேய் வந்தால் என்னைப் பார்த்து அதுதான் பயப்படும் என்று கேலி செய்வாள்.

நான் திறந்த வீடியோ அவள் தன் தம்பிக்காக, அதாவது என் மச்சினனுக்காக எடுத்தது. அவன் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். அடுப்பு பற்றவைக்கவே தெரியாது. "சமைக்கறத அப்படியே எடுத்து அனுப்பிடலாம்" என்று சொல்லி, என் போனை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்துக்கொண்டாள். நான் ஹாலுக்கு வந்து ஒரு படம் போட்டேன். திக்கியது. கத்தினேன். அவள் பதில் என் காதில் விழவில்லை. படம் சரியானது. அன்று சாயங்காலமே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

இந்த வீட்டில் நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது, "நிறுத்து."

அவள் என்ன பதில் சொன்னாள்? அது அந்த வீடியோவில் இருக்கிறது. போனில் இருந்ததை, அவனுக்கு அனுப்பாமலே, இடம் போதாமல் எப்போதோ அழித்துவிட்டேன். பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

போட்டேன்.

திக்கியது.

அவள் கை பாதியில் நின்றது. குதித்தது. மறுபடி நின்றது. முதலில் வைஃபையைச் சந்தேகப்பட்டேன். பெட்டியிலிருந்து டிவிக்கு நேராகக் கேபிள் இழுத்தேன். மாற்றமில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். படத்தின் தரத்தைக் குறைத்தேன். வேறு படம் போட்டுப் பார்த்தேன். அதுவும் திக்கியது.

டிஸ்க் சாகிறதோ? அது போனால் அவள் பதிலும் போச்சு.

மச்சினனுக்குப் போன் போட்டேன். அவனுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் தொழில்.

"டிஸ்க் நல்லா இருக்கான்னு பெட்டியே சொல்லும் மாமா. உள்ள போய்ப் பாருங்க."

பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு."

"அப்போ லேப்டாப்புக்கு காப்பி பண்ணிக்கோங்க."

செய்தேன். பாதியில் நின்றது. "வேற யாரோ இந்த ஃபைல தெறந்து வெச்சிருக்காங்கன்னு வருதுடா."

"யாரு?"

"என்னக் கேட்டா?"

"இப்போ யார் பாக்கறாங்கன்னு ஒரு பக்கம் இருக்கும். அதத் தெறங்க."

திறந்தேன். இரண்டு வரி இருந்தது.

ஹால் டிவி.

சமையலறை.

சமையலறை என்பது நான் அவள் டேப்லெட்டுக்கு வைத்த பெயர்.

படித்துக் காட்டினேன். அவன் மெதுவாகக் கேட்டான்.

"மாமா... நீங்க எங்க இருக்கீங்க?"

"ஹால்ல."

"வெளிய வந்துடுங்க. நான் வர்றேன்."

"ஏன்டா?"

வைத்துவிட்டான்.

எழுந்து போய்ப் பார்த்தேன். சமையலறை காலி. இழுப்பறை, பரண், அலமாரி எல்லாம் தேடினேன். டேப்லெட் இல்லை. மூலையில் மரஸ்டாண்டு மட்டும் நின்றது. மேடை முழுக்கத் தூசி. ஸ்டாண்டில் தூசி இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வைஃபையைத் திருடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கினேன். இப்போது பெட்டியும் டிவியும் மட்டும்தான். நடுவில் ஒரே கேபிள். வெளியிலிருந்து யாரும் நுழைய வழியே இல்லை.

டிவியிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

சமையலறை... இருந்தது.

பெயருக்குப் பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். போனது.

வந்தது.

அழுத்தினேன்.

வந்தது.

டிவியில் அவள் அசையாமல் நின்றிருந்தாள். சத்தம் இல்லை. அப்போது என் முதுகுக்குப் பின்னால், சமையலறையிலிருந்து, ஒரு குரல் கேட்டது.

"நிறுத்து!"

என் குரல்.

ஒரு வருஷம் பழைய என் குரல். வீடியோவில் இருப்பது. ஹாலில் இன்னும் அந்த இடம் வரவில்லை. உள்ளே... வந்துவிட்டது.

ஓடியிருக்க வேண்டும். பழைய நான் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடியிருப்பேன்.

ஓடவில்லை. கோபம் வந்தது. அவள் போன நாளிலிருந்து எனக்கு எதுவுமே வந்ததில்லை. முதல்முறையாகக் கோபம் வந்தது. அவள் பதிலை எனக்கு முன்னால் கேட்க இது யார்?

சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"யாரா இருந்தாலும் சரி" என்றேன். குரல் நடுங்கவில்லை. "என்னப் பயமுறுத்தறதுக்கு இனிமே எதுவும் பாக்கி இல்ல. அது போன வருஷமே முடிஞ்சுது. அவ எனக்குச் சொன்ன பதில் அது. நான் கேட்டுக்கறேன். நீ நிறுத்து."

அமைதி.

குழாயில் ஒரு சொட்டு.

இன்னொரு சொட்டு...

திரும்பிப் பார்த்தேன். டிவியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

ஹால் டிவி.

படத்தைப் போட்டேன். திக்கவில்லை.

அவள் கரண்டியைக் கழுவினாள். முந்தானையில் கை துடைத்தாள். என் குரல் கேட்டது: "நிறுத்து!" அவள் சிரித்தாள். ஹால் பக்கம் திரும்பவில்லை. மூலைப் பக்கம் திரும்பினாள். குழந்தையை அதட்டுவது போலச் செல்லமாக, தணிந்த குரலில் சொன்னாள்.

"போதும், நிறுத்து. பாவம், அவரு பாக்கட்டும்."

அவள் பார்த்த இடத்தில் மரஸ்டாண்டு தெரிந்தது.

அதில் டேப்லெட் இல்லை.

வெறும் ஸ்டாண்டு.

மச்சினன் வந்தபோது நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அவன் பைக்கை நிறுத்தினான், இறங்கவில்லை. தோள்பையில் கைவிட்டு எதையோ எடுத்து நீட்டினான். அவள் டேப்லெட். கண்ணாடி விரிசல் விட்டு, பாட்டரி உப்பி, பின்பக்கம் பிளந்திருந்தது.

"இது எப்படா உன்கிட்ட வந்தது?"

"உங்க கல்யாணம் ஆன மூணாவது மாசம் மாமா. கீழ விழுந்து ஒடஞ்சிடுச்சு, சரிபண்ணிக் குடுன்னு அக்கா தந்தா. சரிபண்ண முடியல. அன்னிலேர்ந்து என் மேஜையிலதான் கெடக்குது."

"அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் கத்திட்டே இருந்தேனே. அவ எதுல பாத்தா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவ எதையும் பாக்கல மாமா. நானும் கேட்டேன். 'அவரு படம் திக்கினா நான்தான்னு நெனச்சுக் கத்தறாரு. கத்திட்டுப் போகட்டும். டேப்லெட் இங்க இல்லன்னு மட்டும் ஒளறிடாதடா. மனுஷன் பயந்துடுவாரு'ன்னா. அக்கா வெளையாட்டுக்குச் சொல்றான்னு அப்போ நெனச்சேன்."

டேப்லெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"வீட்டைக் காலி பண்ணிடுங்க மாமா."

"மாட்டேன்."

"பெட்டியையாவது தூக்கிப் போடுங்க."

"நீ கெளம்பு."

அவனுக்குப் புரியாது. சொன்னால் யாருக்கும் புரியாது. இந்த வீட்டில் அவள் கடைசியாகப் பேசியது என்னிடம் இல்லை. அதனிடம். நான் ஹாலில் படம் பார்த்துக் கழித்த இரண்டு வருஷமும் அவள் அதனிடம் என்னென்ன சொல்லியிருப்பாள்? எனக்குத் தெரியாத அவளை அதற்குத் தெரியும். அதைத் துரத்திவிட நான் என்ன முட்டாளா?

இப்போதெல்லாம் ஞாயிறு மதியம் ஹாலில் ஒரு படத்தை ஓடவிட்டு, நாற்காலியைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். காலி ஸ்டாண்டுக்கு நேர் எதிரே.

"சொல்லு" என்கிறேன்.

ஹாலில் படம் திக்க ஆரம்பிக்கிறது.