இரண்டாம் முறை ஊதியது

போன வாரம் அசாம் ஜாவா பேரங்காடியில் சார்டின் டின் எடுத்துக்கொண்டிருந்தேன். கூரை ஒலிபெருக்கியில் சாக்ஸபோன். எல்லாருக்கும் தெரிந்த கிறிஸ்துமஸ் தாலாட்டுதான். ஆனால் ஜாஸாக, தாளத்துக்குச் சற்றுப் பிந்தி, ஆடி அசைந்து வந்தது. பின்னால் வந்தவர் தள்ளுவண்டியால் இடித்த பிறகே நகர்ந்தேன்.

எண்பதுகளில் கோலசிலாங்கூர் தோட்டச் செய்திகளை ஒரு மலேசியத் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பத்து வரிக்கு மேல் போனால் வெட்டிவிடுவார்கள். எதையும் பத்து வரிக்குள் பார்க்கிற கண் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

அருளப்பனுக்கு எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை. பால் புளித்த வாடை அவர் சட்டையிலும் இருக்கும், சாக்ஸபோன் பெட்டியிலும் இருக்கும். இளவயதில் துரைமார் கிளப்பில் ஜாஸ் ஊதியவர். கிளப் மூடிய பிறகு பாசிர் பெனம்பாங் சீனர் சாவு ஊர்வலங்களுக்குப் போனார். சாவு பேண்டுக்கு எந்தப் பாட்டும் ஒன்றுதான். தெரிந்ததை மெதுவாக ஊதினால் போதும். அந்தத் தாலாட்டையும் அப்படித்தான் ஊதினார்கள். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் அதை முதலில் கேட்டதே சவப்பெட்டிக்குப் பின்னால்தான்.

அவர் மகள் ரெஜினா கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருந்த இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அந்த டிசம்பரில் அவளுக்கு ஏழு மாதம். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கவிட்டு, உள்ளே பல்பு எரியவிட்டிருந்தாள். நட்சத்திரம் தொங்கினால், வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் கோஷ்டி நிற்க வேண்டும் என்பது வழக்கம். கோஷ்டியை நடத்திப்போன கோயில் உபதேசியார் நிற்கவில்லை.

"அது நம்ம வீடு இல்லலா. வாங்க, வாங்க."

"ஸ்டார் கட்டியிருக்குல்லங்கய்யா," என்றார் கோஷ்டிக்குச் சாக்ஸபோன் ஊதிவந்த அருளப்பன். நின்று ஊதினார். இத்தனை வருடப் பழக்கம், மெதுவாகத்தான் வந்தது.

கதவு திறந்தது. ரெஜினாவின் மாமியார்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டு வாசல்ல சாவுப் பாட்டா ஊதுற? நீயெல்லாம் ஒரு அப்பனா?"

"ஐயோ, இது புள்ளைய தூங்க வைக்கிற பாட்டும்மா. இருங்க, சரியா ஊதுறேன்."

இரண்டாம் முறை கிளப்பில் ஊதியதுபோல் ஊதினார். தோள் குலுங்கியது, ஒரு கால் தரையைத் தட்டியது. கேரல் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜன்னல் கம்பியில் நான்கு விரல்கள் தெரிந்தன. அவையும் தட்டின. பாட்டு முடியுமுன் நட்சத்திரம் அணைந்தது. யார் அணைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அருளப்பன் இருட்டைப் பார்த்து முழுதாக ஊதி முடித்தார்.

'தோட்டத்தில் கேரல் பவனி இனிதே நடைபெற்றது' என்று எழுதி அனுப்பினேன். நான்கு வரி. வந்தது மூன்று.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை. ரெஜினா கைக்குழந்தையோடு சாவு வீட்டுக்கு வந்தாள். வாசலில் அவருடைய பழைய பேண்டு நின்றது.

"அன்னிக்கு அப்பா ரெண்டாவதா ஊதுனாரே, அத ஊதச் சொல்லுங்கண்ணே."

பேண்டுக்காரச் சீனரிடம் மலாயில் சொன்னேன். முடியாதென்று தலையாட்டினார். அது அவன் ஒருவனுக்குத்தான் வரும் என்றார். மெதுவானதை ஊதினார்கள்.

கீழ் லயம் போய் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் வந்துவிட்டது. அந்த இரண்டாம் பாட்டை உங்களுக்கு முணுமுணுத்துக் காட்டலாமென்று பேரங்காடியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முயன்றேன். மெதுவானதுதான் வாயில் வந்தது.