சொல்லியாச்சு

என் கணவர் மஸ்கட்டில் ஒரு ஓட்டல் சமையலறையில் நான்கு வருஷம் வேலை பார்த்தார். திண்டிவனத்தை விட்டு நகராத நான் பயணக் கதைகள் எழுதினேன், மாதத்துக்கு ஒன்று. எல்லாம் அவர் போனில் சொன்ன இடங்கள்தான்.

"இந்த மாசம் இன்னா பாத்தீங்க?" என்று நச்சரிப்பேன். கடல், கோட்டை, பேரீச்சந்தோப்பு என்று சொல்லுவார். "இன்னா கலரு? நல்லா சொல்லுங்க" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வேன். பத்திரிகையில் கதை வந்தால் தெருவெல்லாம் காட்டுவேன்.

அவர் திரும்பி வந்த அன்று பெட்டியைப் பிரித்தேன். அடியில் நான்கு பழைய காலண்டர்கள் இருந்தன. தாளுக்குத் தாள் என் கதைகளில் வந்த இடங்களின் படங்கள். ஒவ்வொரு தாளின் பின்னாலும் பேனாவால் 'சொல்லியாச்சு' என்று எழுதியிருந்தார்.

"அப்போ நீங்க எங்கயும் போவலியா?"

"லீவு எங்கமே குடுத்தான்? நீ ஆசையா கேட்டுக்கினே இருந்த. ஒண்ணும் பாக்கலன்னு எப்படிச் சொல்றது?"

"நெஜமா இன்னாதான் பாத்தீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "பாத்திரம் கழுவுற எடத்துல ஒரு ஜன்னல் இருந்துச்சி. தொறந்தா பக்கத்துக் கட்டடத்துச் செவுரு தெரியும்."

'இன்னா கலரு?' என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

தலையைக் குனிந்தபோதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் உரிந்து வெளுத்திருந்தன. அதை மட்டும் அவர் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.