பெரிய வெள்ளிக் கஞ்சி

ஆரோக்கியம்மாளுக்கு அழுவதற்குத் தோதான வேலை. திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் சின்ன வெங்காயம் ஆய்கிறவள் கண்ணில் தண்ணீர் வழிந்தால் யார் ஏனென்று கேட்கப்போகிறார்கள்? மகன் ரீகன் செத்துப்போன நாலு வருஷமாக அப்படித்தான் காலம் ஓடியது.

அவன் சாவுக்குக் காரணம் வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தம்பி ஆனந்த்ராஜ். குடித்துவிட்டு, அக்கா மகனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, செம்பட்டி ரோட்டில் நின்ற லாரியில் பைக்கைக் கொண்டுபோய் மோதினான். பிள்ளை போனான், இந்தப் பாவி பிழைத்துக்கொண்டான். "இனி அவன் செத்தாலும் எனக்குச் சொல்லாதீக. அவன் பேச்ச எடுத்துக்கிட்டு எவனும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று மகனின் தலைமாட்டில் நின்று கத்தினாள். ரோஷக்காரி, சொன்னால் சொன்னதுதான்.

அதற்காகக் கோயிலை விட்டாளா? இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவாள். பரலோக மந்திரத்தில் பிறர் குற்றத்தைப் பொறுக்கிற இடம் வந்ததும் வாயை இறுக மூடிக்கொள்வாள். கடவுளிடம் பொய் சொல்லக் கூடாதாம்!

தவக்காலத்தில் பேட்டையில் ஒரு பேச்சு அடிபட்டது. ஆனந்த்ராஜுக்கு ஈரல் கெட்டு, தண்ணீர்கூட இறங்கவில்லையாம். கேட்டதிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அல்லவா? "ஆண்டவரே, தானா எனக்கு மனசு வரமாட்டேங்குது. நான் போகணும்னா நீரே ஒரு வழி காட்டும்" என்று வேண்டிக்கொண்டு, காதைக் கோயில் மணியிலேயே வைத்திருந்தாள். கோயில் பங்கைச் சேர்ந்த யார் இறந்தாலும் துக்க மணி அடிப்பார்கள். மணி அடிக்காதவரை தம்பி உயிரோடு இருக்கிறான், யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

பெரிய வெள்ளியன்று காலையில் உபதேசியார் மணிமாறன் வாசலில் வந்து நின்றார். வழக்கம்போல சமாதானம் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். மனுஷர் வெளியே நின்று என்னவோ சொல்லச் சொல்ல, இவள் காதைப் பொத்திக்கொண்டு ஜெபமாலை சொன்னாள்.

மத்தியானம் கோயிலில் சிலுவையை முத்தமிடும் சடங்கு, திருச்சிலுவை முத்தி. இவளைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அது எப்போதும் நடப்பதுதான். வரிசையில் போய்க் குனிந்து, ஆணியடித்த பாதத்தில் உதடு பட்டதும் உடைந்துபோனாள். "போதும்ப்பா. போறேன்."

வாசலில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தூக்குவாளியை நீட்டினாள். "தண்ணியா ஊத்துங்க, என் தம்பிக்கு." ஊற்றியவள் கை அப்படியே நின்றது. அவன் பேச்சை எடுக்க அவளுக்கும் பயம். தண்ணீராகவே ஊற்றி அனுப்பினாள்.

தம்பி வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. தெருவில் செவ்வந்தி இதழ்கள். உள்ளே தரை கழுவிவிட்ட ஈரம் காயவில்லை. தம்பி பெண்டாட்டி பிலோமினா சுவரில் சாய்ந்திருந்தாள்.

"தம்பி எங்க தாயி?"

"மத்தியானத்துக்கு முன்னாலயே எடுத்தாச்சு மதினி. நேத்துப் பூச முடிஞ்ச கையோட போயிட்டாரு."

"பொய் சொல்லாத! மணி அடிக்கலையே!"

"பெரிய வியாழன் பூசையோட மணிய நிறுத்திருவாகல்ல மதினி, ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும்? மறந்துட்டீகளா?"

புத்தி தெரிந்த நாளிலிருந்து தெரிந்த வழக்கம். மறந்துவிட்டாள்.

"அக்கா வருவா, வருவான்னு கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தாரு. அதான் காலைல உபதேசியார அனுப்புனேன். நீங்க கதவச் சாத்திட்டீகன்னு வந்து சொன்னாரு. அதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் பெட்டிய மூடாமத்தான் வச்சிருந்தோம் மதினி."

வழி காட்டச் சொல்லிக் கேட்டதும் அவள்தான், வந்த வழியைச் சாத்தியதும் அவள்தான். ஆரோக்கியம்மாள் தூக்குவாளியோடு அப்படியே உட்கார்ந்தாள். தம்பியைக் கிடத்தியிருந்த இடத்தின் ஈரத்தைக் கையால் தடவித் தடவிச் சொன்னாள். "பொறுத்துட்டேன்டா அப்பு. பொறுத்துட்டேன்."

கேட்கத்தான் ஆளில்லை.