சுவர் பக்கம் திரும்பிப் பேசியவள்

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றித் தருவது அவர் தொழில். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் ‘செவிடர்’.

முகத்தைப் பார்த்தால் அவருக்குப் பேச்சு ஏறாது. புருவம் ஏறுவதும் உதடு சுழிவதும் கண் இமைப்பதும் ஒரேயடியாக வந்து மொய்த்துக்கொள்ளும். வார்த்தைக்கு உள்ளே இடமிருக்காது. கையில் கம்பி, கண் தரையில் என்று இருந்துவிட்டால் ஒரு சொல் தப்பாது. இதை அவர் யாரிடமும் விளக்கியதில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்த அக்கா, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, “முகத்தப் பாத்துக் கேளுடா” என்று சொல்லிச் சொல்லியே ஆளாக்கினாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்துக்கு என்ன குறைச்சல்!

கண்டுபிடித்தவள் மனைவி. கல்யாணமான முதல் மாதமே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து முக்கியமான சங்கதி எதுவானாலும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்வாள். வந்து போனவர்கள், புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு போனார்கள். இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் பேச்சு ஓய்ந்ததே இல்லை.

இப்போது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பத்து மணிக்கு இதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

அக்கா தம்பியை ஸ்டூலில் உட்காரவைத்து, பழையபடி தாடையைப் பிடித்துத் திருப்பினாள். “இன்னைக்காவது அவ முகத்தப் பாருடா.”

பார்த்தார். மூக்கில் குழாய். கண்ணோரம் ஈரம். வறண்ட உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு வார்த்தை ஏறவில்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் பாதியில் நிறுத்தினாள். “அண்ணி, என்னைச் சுவர் பக்கம் திருப்பி விடுங்க.”

“இந்த நேரத்துலயுமா கோபம்?”

“கோபம் இல்ல அண்ணி. அவருக்குக் கேக்கணும்.”

குழாய்களை ஒதுக்கி, வலியில் அவள் முனக முனக, அக்கா மெல்லப் புரட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்த துண்டுக் கம்பியை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கினார்.

“நான் திரும்பி வரலைன்னா, உங்ககிட்ட எப்படிப் பேசணும்னு நீங்களேதான் மத்தவங்களுக்குச் சொல்லணும். வெக்கப்படாம சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“பயமா இருக்குங்க.”

“எனக்கும்தான்.”

பத்து மணிக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வராந்தா பெஞ்சில் அக்கா அவர் முகத்துக்கு நேரே குனிந்து ஏதோ சொன்னாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

“அக்கா, அந்தப் பக்கம் திரும்பிப் பேசு. அப்பதான் எனக்குக் கேக்கும்.”

அக்கா திரும்பி உட்கார்ந்தாள்.

“அப்ப, சின்ன வயசுல நான் உங்கிட்ட சொன்னதெல்லாம்?”

“உன் முகம் ஞாபகம் இருக்குக்கா.”