நின்றிருந்தபோது எங்கே இருந்தது?

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் சௌந்திரம் பல வருஷமாக வேலை பார்க்கிறாள். அடைக்கு வைத்த முட்டைகளை இருட்டறையில் விளக்கின் மேல் பிடித்துப் பார்த்து, கரு இருப்பதையும் இல்லாததையும் பிரிப்பது அவள் வேலை. கை அதன்பாட்டுக்குப் பிரிக்கும். வாய் பக்கத்திலிருக்கும் அமுதவல்லியோடு பேசிக்கொண்டிருக்கும். முட்டைக்குள் என்ன நடக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

போன சித்திரையில் அது மாறிப்போனது. ஆள் மாறும் நேரத்தில், அடைக்கு வைத்துச் சில நாளே ஆன முட்டைகள் இருந்த வண்டி ஒன்றை யாரோ தவறுதலாகக் குளிர் அறைக்குள் தள்ளிவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் தெரிந்தது. முட்டைகளெல்லாம் சில்லிட்டுக் கிடந்தன. கொட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவர் சரவணக்குமார் ஒன்றை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றினார். மஞ்சள் கருவின் மேல் நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள், நடுவில் கடுகளவு ஒரு புள்ளி. அசைவே இல்லை.

“போச்சுங்களா சார்?” என்றாள் சௌந்திரம்.

“இருங்கம்மா, வெதுவெதுன்னு தண்ணியில கிண்ணத்தை வைங்க. பார்ப்போம்.” சொல்லிவிட்டு அவர் போன் பேச வெளியே போனார்.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நின்றிருந்த புள்ளி ஒருமுறை சுருங்கியது. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒருமுறை. பிறகு விடாமல் அடிக்க ஆரம்பித்தது. உடைத்த முட்டை எப்படியும் பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அது அடித்தது.

சரவணக்குமார் திரும்பி வந்ததும் கேட்டாள். “நின்னு போயிருந்தப்ப அந்த உசுரு எங்கீங்க சார் இருந்துச்சு?”

“எங்கேயும் போகலைம்மா. குளிர்ல வேலை நின்னுடுச்சு, சூடு வந்ததும் மறுபடி நடக்குது.”

“அப்ப உசுருங்கறது சூடுங்களா?”

“கல்லைச் சூடு பண்ணினா துடிக்காதுல்ல?”

“அப்ப வேறென்னங்க?”

“எப்படி நடக்குதுன்னு நிறையச் சொல்லலாம்மா. ஆனா உசுரே இல்லாத மண்ணுலயும் தண்ணியிலயும் இருந்து மொதமொதல்ல அது எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேட்டீங்கன்னா, இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது.”

“யாருக்குமேங்களா?”

“யாருக்குமே.”

இதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது. தனக்குத் தெரியாதது ஆயிரம் உண்டு; கரண்டு எப்படி வருகிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் எங்கேயோ ஒரு பெரிய இடத்தில் யாரோ ஒருவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை நாளும் நிம்மதியாக இருந்திருக்கிறாள். கோயில் பூசாரியிடம் கேட்டாள். “ஆத்தா குடுக்கறதுதான் அம்மிணி” என்றார். “எங்கிருந்து எடுத்துங்க குடுக்குது?” என்றதும் திருநீறைக் கையில் போட்டுவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். வீட்டுக்காரர் மருதாசலம் தட்டைத் தள்ளி வைத்தார். “குழம்புல உப்பைக் காணோம். உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?”

அவளுக்கே தெரியவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, படுத்தால் புரளத்தான் முடிந்தது. ஒரு நாள் நல்ல முட்டைகளைக் கழிவுத் தட்டில் வைத்துவிட்டு ஏச்சு வாங்கினாள்.

அப்போதுதான் இன்னொரு நினைப்பு வந்து சேர்ந்தது. அவளுடைய அண்ணன் காளியப்பன் தை மாதம் மோகனூரில் கரும்புக் காட்டில் விழுந்தான். ஆஸ்பத்திரியில், நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அன்று சாயங்காலமே உடலை எடுத்தாகிவிட்டது. நின்றது மறுபடி அடிக்குமென்றால்?

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிப் போய் அண்ணி முத்தாயம்மாளிடம் முட்டை விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது தானாக வாயில் வந்துவிட்டது. “நாம அவசரப்பட்டுட்டமா அண்ணி?”

முத்தாயம்மாள் வாசலைக் கைகாட்டினாள். “ஊட்டை விட்டு எந்திரிச்சுப் போ அம்மிணி.”

“அண்ணி, நான் தப்பா…”

“போன்னு சொன்னேன்.”

மறுநாள் சௌந்திரம் சரவணக்குமாரிடம் போய் அழுதுவிட்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். “ரெண்டும் ஒண்ணு இல்லைம்மா. பெரிய மனுசனுக்கு நெஞ்சு நின்னு ரத்தம் போகலைன்னா சில நிமிஷத்துலயே மூளை கெட ஆரம்பிச்சிரும். முட்டையில மூளைங்கறதே இப்பத்தான் உருவாகுது, அதோட அது குளிர்ல வேற இருந்துச்சு. உங்க அண்ணனைத் தூக்கிட்டுப் போறதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சுன்னீங்கல்ல? நீங்க யாரும் அவசரப்படலை.”

அவள் அன்றைக்கே அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மறுபடி மோகனூர் போனாள். வாசலிலேயே நின்று, டாக்டர் சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்தாள். முத்தாயம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“எடுத்துட்டுப் போனாங்களே, அன்னிக்கிலிருந்து எனக்கும் அதே சந்தேகம் அம்மிணி. வாய் விட்டுச் சொன்னா நெசமாயிருமோன்னு பயம். நீ வந்து அதையே கேக்கவும் எனக்குத் தாங்கலை.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “டாக்டரு நெசமாவே சொன்னாரா?”

“சத்தியமாங்க அண்ணி.”

முத்தாயம்மாள் அவளைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். தானும் கூட உட்கார்ந்து, தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அண்ணியின் மனசு ஆறிவிட்டது. சௌந்திரத்துக்குத்தான் ஆறவில்லை. பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஆற்றோரம் இறங்கி ஈர மணலை ஒரு கை அள்ளினாள். இதுவும் தண்ணீரும் வெயிலும் மட்டும் இருந்த ஒரு காலம் இருந்திருக்கிறது. அதற்கும் கரை நெடுக நிற்கிற கரும்புக்கும், தனக்கும் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. மணலை உதறிவிட்டு நடந்தாள். பஸ்ஸில் இடம் இருந்தும் நாமக்கல் வரை நின்றுகொண்டே வந்தாள்.

அடுத்த நாள் சரவணக்குமார் வண்டியை நிறுத்தும் முன்பே எதிரில் போய் நின்றாள்.

“யாருக்கும் தெரியாதுன்னீங்களே சார், தேடறவங்களாச்சும் இருக்காங்களா?”

“இருக்காங்கம்மா. உலகம் பூரா நிறையப் பேரு.”

“அவங்களுக்குத் தூக்கம் வருதுங்களா?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றாள்.