செம்மறிக்கு மயிர் வெட்ட ஓர் ஆள்

ஒன்பது செம்மறியும் ஒரு தகரக் கொட்டிலும் சேர்ந்தால் பண்ணை ஆகிவிடும் என்று என் அண்ணன் நினைத்தார். சுவிசில் இருபத்தாறு வருடமாக இருக்கிறவருக்கு, தீவில் மண்கும்பானில் உள்ள எங்கள் வீட்டு வளவு எதுவாகவும் தெரியலாம். போன வருடம் லீவில் வந்தவர், மலைநாட்டுத் தரகர் ஒருவரின் பேச்சை நம்பி, உடம்பெல்லாம் கம்பளி சுருண்ட ஆடுகளை லொறியில் ஏற்றிவந்து இறக்கினார். வாசல் படலையில் ஒரு பெயர்ப்பலகையை அடித்தார். பலகைக்கு முன்னால் நின்று வீடியோ எடுத்தார். பிறகு விமானம் ஏறிவிட்டார். மேய்க்கும் பொறுப்பு, பள்ளிக்கூடத்தில் இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பதாக அவர் கருதிய தங்கைக்கு வந்தது.

எங்கள் தீவுச் செம்மறிக்கு உடம்போடு ஒட்டிய கட்டை மயிர்தான். இங்கத்தைய வெயிலில் கம்பளிப் போர்வையோடு உலாவ எந்தப் பிராணிக்கும் விசர் இல்லை. இதை நான் போனில் சொன்னபோது, அதனால்தான் எங்களுக்குப் போட்டியே இல்லை என்று அண்ணன் விளக்கம் சொன்னார். ஊர்ச்சனம் அவரைவிடக் கெட்டிக்காரர் என்றும் சொல்ல மாட்டேன். கூட்டமாக வந்து வேலியால் எட்டிப் பார்த்தார்கள். இந்த இறைச்சி வேகுமா என்பதுதான் அவர்களில் முக்கால்வாசிப் பேரின் கேள்வி. ஆடுகளோ அவர்களையும் விட மோசம். ஒன்று குழிக்குள் விழுந்தால் மற்ற எட்டும் அந்தக் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மாசி மாதம் அண்ணனிடம் இருந்து வாட்ஸ்அப்பில் பட்டியல் வரத் தொடங்கியது. பங்குனியில் தான் வருகிறாராம், மயிர் கத்தரிப்பைத் தானே முன்னின்று நடத்துவாராம், அதற்கு முதல் எல்லாம் தயாராக இருக்க வேண்டுமாம். கொட்டிலைக் கூட்டிச் சாம்பல் தூவினேன். தறப்பாள் வாங்கி விரித்தேன். வெட்டிய மயிரைப் பரப்பிப் பார்க்க மேசை வேண்டும் என்றதால் பழைய குசினிக் கதவைக் கழற்றி நான்கு சீமெந்துக் கல்லின் மேல் வைத்தேன். வால் பக்கத்தில் புழுக்கை ஒட்டி இறுகியிருந்த சடையை என் தையல் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தேன். நெருஞ்சி முள் எடுப்பதுதான் பெரிய வதை. இந்த வளவில் புல்லைவிட நெருஞ்சி அதிகம். ஒரு ஆட்டுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். விரல் நுனியெல்லாம் குத்துப்பட்டு, சோறு பிசையும்போது எரியும். ஆடு நனைந்திருக்கக் கூடாது, முதல்நாள் பின்னேரத்தோடு தீனியை நிறுத்திவிட வேண்டும் என்றெல்லாம் அண்ணன் குரல் பதிவு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் ஆட்டைத் தொட்டது லொறியால் இறக்கிய அன்று மட்டும்தான். அதுவும் வீடியோவுக்காக.

வந்து இறங்கினார். பெட்டி நிறையச் சாமான். கரண்டில் வேலை செய்யும் கத்தரிப்பு மெசின், தோல் ஏப்ரன், முழங்கால் வரை வரும் பூட்ஸ். கிணற்றடிக்கும் அந்தப் பூட்ஸோடுதான் போனார். வியர்வையில் கால் வெந்து போயிருக்கும், ஆனாலும் கழற்றவில்லை.

அந்த வாரமே ஒரு மறி ஆடு படுத்துக்கொண்டது. சினை ஆடு, இன்னும் இரண்டு கிழமையில் ஈனும். வாயைத் திறந்து, நாக்கை வெளியே விட்டு மூச்சு வாங்கியது. மிருக வைத்தியர் வந்து பார்த்தார். இந்தக் கம்பளியோடு இன்னும் நாலைந்து நாள் வெயிலில் கிடந்தால் தாயும் மிஞ்சாது, குட்டியும் மிஞ்சாது, உடனே மயிரை வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தரகருக்கு அடித்தால் அவர் போனை எடுக்கவில்லை. மலைநாட்டில் இருந்து ஆள் வருவதாயிருந்தால் சித்திரை பிறந்துவிடும். அண்ணன் என்னைப் பார்த்து, ஆரையாவது பார், கைப்பழக்கம் உள்ள ஆளாகப் பார் என்றார். அவருக்கு வீடியோ எடுக்கும் வேலை இருந்தது.

எனக்கு உடனே ஒருவர் நினைவுக்கு வந்தார். யோசிக்கக்கூட இல்லை. சந்தியில் சலூன் வைத்திருப்பவர். ஏசி போட்ட கடை, மூன்று சுழல் கதிரை, இரண்டு பெடியள் வேலைக்கு. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவருடைய தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்து பின்வளவில் வைத்து அப்பாவுக்கு முடி வெட்டியவர். எங்கள் வீட்டில் ஆர் வந்தாலும் ஒரே கோப்பையில்தான் தேத்தண்ணீர் என்று இருபது வருடமாகப் பெருமையடித்துக்கொண்டு திரிகிறவள் நான். அந்த நான்தான், ஆட்டுக்கு மயிர் வெட்ட வேண்டும் என்றதும் நேரே அவரை நினைத்தேன். இதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. அன்றைக்கு எந்த அருவருப்பும் வரவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அவர் ஒருவருக்குத் தாடி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ரீச்சர் இருங்கோ என்று கதிரையைக் காட்டினார். வேலை முடிந்து அந்த ஆள் போகும் வரை காத்திருந்தேன். பிறகு, மெசின் இருக்கிறது, முடி வெட்டும் மெசின் மாதிரித்தான், சினை ஆடு சாகப் போகிறது என்று அவசரமாகச் சொல்லி முடித்தேன். அவர் துவாயை உதறி மடித்தார்.

"ஆட்டுக்கு மயிர் வெட்ட என்னட்டை வரவேணுமெண்டு ஆர் ரீச்சர் சொன்னது?"

"அண்ணைதான்" என்றேன்.

ஒரு சொல். அது வாயில் இருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ஊரே பகிடி பண்ணுகிற மனிதர், பூட்ஸோடு கிணற்றடிக்குப் போகிற மனிதர், அவர் தலையில் இன்னொன்றைப் போட்டால் ஆருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்திருப்பேன்.

"எங்கட அப்பா உங்கட பின்வளவில நிண்டு வெட்டினவர். அதுக்காண்டி உங்கட ஆட்டுக்கும் நாங்களோ?" குரல் உயரவில்லை. "நீங்கள் போங்கோ ரீச்சர். உங்களில எனக்குக் கோவமில்லை."

வீட்டுக்கு வந்து, ஒருத்தரும் வரமாட்டினமாம் என்று மட்டும் அண்ணனிடம் சொன்னேன். ஆரிடம் போனேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அன்று முழுக்க அந்த மறிக்குத் தண்ணீரில் நனைத்த சாக்கை நிலத்தில் விரித்து, ஓலையால் விசிறிக்கொண்டிருந்தேன். அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்க்கப் பயமாக இருந்தது. இப்படி ஒரு உயிரைக் கொண்டுவந்து வதைக்கிறாரே என்று அண்ணனைத்தான் மனதுக்குள் திட்டினேன். திட்டுவது எனக்குச் சுகமாகவும் இருந்தது.

மறுநாள் காலை அண்ணன் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சந்திக்குப் போனார். ஆடு சாகக் கிடக்கிறது, இவருக்கு வீடியோவுக்கு வடிவு வேண்டிக் கிடக்கிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றரை மணித்தியாலம் கழித்துக் குட்டையாக வெட்டிய தலையோடு திரும்பினார். படலையடியில் பூட்ஸைக் கழற்றி வைத்தார். போனை என்னிடம் தந்து உள்ளே வைக்கச் சொன்னார். வயரை இழுத்து மெசினைப் பொருத்திவிட்டு, அந்த மறியைக் கொண்டுவா என்றார்.

ஆட்டைத் தறப்பாளில் இருத்தி, முதுகை அவருடைய நெஞ்சோடு சாய்த்துக்கொண்டோம். நான் பின்னங்கால்களைப் பிடித்தேன். முதல் பத்து நிமிடமும் மெசின் சிக்கியது. மயிர் திட்டுத்திட்டாக அறுந்து விழுந்தது. எங்கேயோ ஒரு கீறல் விழ, அண்ணன் நிறுத்தி மஞ்சள் வைத்தார். பிறகு இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தள்ளினார். கம்பளி ஒரு பக்கமாகச் சரிந்து, உள்ளே இருந்த இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதர், வெறுங்காலோடு புழுக்கைக்குள் முழந்தாளிட்டு நின்றார். நெற்றி வியர்வை ஆட்டின் மேல் சொட்டியது. அவரை இப்படி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

எங்கே இப்படிப் பழகினீங்கள் என்று கேட்டேன்.

"தோலை இழுத்துப் பிடிச்சால்தான் வெட்டுப்படாதாம். சலூனில அவர் சொல்லித் தந்தவர்."

நான் தலை குனிந்துகொண்டேன். மெசின் அடிவயிற்றுப் பக்கம் போனது. அங்கேதான் கவனமாக வெட்ட வேண்டும். குட்டி உள்ளே அசைவது என் கைக்குத் தெரிந்தது.

"நீ வந்துபோனதை அவர் சொன்னவர். நான் கூப்பிடச் சொன்னது பிழை, மன்னிச்சுக்கொள்ளும் எண்டு அவரிட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார் அண்ணன். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆடு ஒருதரம் உதறியது.

"காலை இறுக்கிப் பிடி" என்றார்.